பிணை நிற்பவர் யார்?

தொழிலில் முன்னுக்கு வர நாலு பேரின் பழக்கம் வேண்டும் என்று சொல்லாதவர் இல்லை. கூட்டங்களுக்குப் போக வேண்டும், கார்டு கொடுத்து வாங்க வேண்டும், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மறக்காமல் பேச வேண்டும் என்பார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஆவடி, அம்பத்தூர் என்று விரியும் நிலப்பகுதியின் தொழில் வரலாற்றைப் படித்தால், பழக்கம் வெறும் தொடக்கம்தான் என்று புரிகிறது. ஊரில் தெரியாத ஆளே இல்லை என்ற நிலையில் இருந்த வணிகக் குடும்பங்கள் இங்கே நொடித்திருக்கின்றன. யாரையும் தெரியாமல் வந்து ஒரு லேத்தோடு பட்டறை போட்டவர்கள் நிலைத்திருக்கிறார்கள். நமக்காகப் பிணை நிற்பவர் யார், அந்தப் பிணைக்கு ஆதாரம் எது என்ற இரண்டு கேள்விகளுக்குள்தான் இந்த வேறுபாடு இருக்கிறது. பிணை முழுவதும் ஒரு பெரிய மனிதரை நம்பி இருந்தால், அவர் சரியும்போது எல்லாம் சரிகிறது. ஒரே தொழிலில், ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும் பலர் கூடி ஒப்புக்கொண்ட ஒழுங்கை நம்பி இருந்தால், ஆட்கள் மாறினாலும் அது நிற்கிறது. இதற்குச் சோழர் காலம் தொட்டு இந்த வட்டாரத்திலேயே சான்று கிடைக்கிறது.

முதல் சான்று பொன்னேரி வட்டத்துக் காட்டூர்க் கல்வெட்டு. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவைப் பற்றி வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். கன்னட நாட்டு ஐஹொளெயைத் தங்கள் தாய்வீடாகச் சொல்லிக்கொண்ட இவர்களின் கல்வெட்டு, சுமத்திரா தீவின் பாரூசில் 1088-ஆம் ஆண்டில் தமிழிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. அப்படிக் கடல் கடந்து பரவிய குழுவினர் மயிலாப்பூரில் கூடி, காட்டூரை வீரபட்டினமாக்குவது என்று முடிவெடுத்தார்கள். அங்கே வாழும் வணிகர்களுக்குப் பொதுப் பங்களிப்புகளிலிருந்து விலக்கு அளித்தார்கள். கூடவே இன்னொரு விதியும் செய்தார்கள். வாளைக் காட்டி மிரட்டியும், ஆட்களைப் பிடித்துவைத்தும் வரியும் சுங்கமும் கேட்கும் வணிகர்கள் இனி அந்த ஊரில் குடியிருக்கலாகாது என்பது அந்த விதி. எனக்கு இந்த இரண்டாவது விதிதான் முக்கியமாகப் படுகிறது. தங்கள் இனத்திலேயே முரடர்கள் இருந்தார்கள் என்பதை வணிகர்களே கல்லில் வெட்டி ஒப்புக்கொள்கிறார்கள். அரசனிடம் போய் முறையிடாமல், தாங்களே கூடி, யார் உள்ளே, யார் வெளியே என்று வரையறுக்கிறார்கள். தூரதேசத்து வணிகன் ஒருவன் காட்டூரில் வந்து இறங்கினால் அங்கே யாரையும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஊரே அவனுக்குப் பிணை. தவறு செய்பவனை வெளியேற்றும் அதிகாரம் இல்லாத எந்தக் கூட்டமைப்பும் இப்படியொரு உறுதியைத் தர முடியாது.

காட்டூருக்கு அருகே இருக்கும் பழவேற்காட்டில், ஐந்நூறு ஆண்டு கழித்து என்றே சொல்லலாம், இதே கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்தது. விஜயநகர ஆட்சியில் அது பெரிய துணித் துறைமுகம். டச்சுக்காரர்கள் 1610-ல் வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்றார்கள். சாந்தோமிலிருந்த போர்த்துக்கீசியர் 1612-ல் அவர்களது பண்டகசாலையைத் தாக்கி அழித்தார்கள். 1613-ல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. பிறகு 1690 வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுத் தலைமையகம் பழவேற்காடுதான். மலுக்குத் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும் வாங்க இந்தக் கரையின் துணி தேவைப்பட்டது. ஆனால் துணி கடையில் தயாராகக் கிடக்கவில்லை. பருவக்காற்றுக்குக் கப்பல் கிளம்ப வேண்டும் என்றால் பல மாதங்களுக்கு முன்பே முன்பணம் இறக்க வேண்டும். டச்சுக் கும்பினி வணிகரிடம் கொடுக்கும், வணிகர் தம் ஆட்கள் வழியாக உள்நாட்டு ஊர்களில் நெசவாளருக்குக் கொடுப்பார். அவர் நூல் வாங்கிப் பாவு ஓட்டி நெய்த துணி வெளுப்புக்கும், சாயவேர்ச் சிவப்புக்கும் போய், மீண்டும் துறைமுகத்துக்கு வரும். அங்கே கும்பினி ஆட்கள் மாதிரித் துணியை விரித்துவைத்து, வந்த ஒவ்வொரு துண்டின் நீளம், அகலம், நூலின் நெருக்கம் எல்லாம் பார்த்து முதல்தரம், இரண்டாந்தரம் என்று பிரிப்பார்கள். தேறாததைத் திருப்பிவிடுவார்கள். மழை பொய்த்துப் பஞ்சம் வந்தாலோ, படை நடந்தாலோ நெசவாளர் தறியை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவார். கொடுத்த முன்பணம் போன இடம் தெரியாது. அந்த நட்டம் யாரைச் சேரும் என்பதுதான் பழவேற்காட்டின் மையக் கேள்வி.

முதல் நாற்பது ஆண்டுகள் டச்சுக்காரர்கள் அதற்குக் கண்ட விடை பெரிய மனிதர்கள். மலையா செட்டி அவர்களில் முதன்மையானவர். டச்சு ஆவணங்கள் அவரை அஸ்த்ரப்பா என்றும் குறிக்கின்றன. 1634-ல் அவர் இறந்த பின் தம்பி சின்னண்ணா அந்த இடத்துக்கு வந்தார். இவர்கள் துணி வாங்கிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. சொந்தக் கப்பல் ஓட்டினார்கள், வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்தார்கள், அரசியலிலும் படை விவகாரங்களிலும் கைவைத்தார்கள். டச்சுக்காரருக்கு நெசவாளரைத் தெரியாது, நாயக்கர்களைத் தெரியாது, மொழியும் தெரியாது. எல்லாவற்றையும் தெரிந்தவர் சின்னண்ணா. இன்றைய பேச்சில் சொன்னால், அந்தக் கரையிலேயே மிகப் பெரிய தொடர்பு வலை அவருடையது. அதன் பலவீனமும் அதுவே. அரசியலில் அவர் ஒரு பக்கம் சாய்ந்தால் துணி வியாபாரமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. 1640-களில் கோல்கொண்டாப் படைகள் இந்தக் கரையைப் பிடித்தபோது பழைய அரசவை உறவுகள் செல்லாக்காசாயின. சொந்தக் குடும்பத்துக்குள்ளும் பகை மூண்டது. உறவினரான கோனேரி செட்டி பின்னர் சென்னைப்பட்டினத்தில் ஆங்கிலேயரோடு தொழில் செய்தார். வலையின் ஒவ்வொரு இழையும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருந்தால் அந்த முடிச்சு அவிழும்போது மிஞ்சுவது ஒன்றுமில்லை.

1650-களின் இறுதியில் பழவேற்காட்டில் வேறு ஏற்பாடு தோன்றியது. வணிகர்கள் பலர் ஆளுக்கொரு பங்காக முதல் போட்டு ஒரு கூட்டுக் கம்பெனியாகச் சேர்ந்தார்கள். கும்பினியோடு ஒப்பந்தம் செய்வது அந்தக் கம்பெனி. ஒப்புக்கொண்ட விலையும் தரமும் எல்லோரையும் கட்டுப்படுத்தும். ஒருவர் மூலம் போன முன்பணம் திரும்பாவிட்டால் கணக்கு கம்பெனியின் தலையில் விழும். லாபமும் பங்குக்கு ஏற்பப் பிரியும். வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினம் டச்சு ஆவணங்களிலிருந்து இந்தக் கம்பெனிகளின் நடைமுறையைத் துலக்கி எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்துத் தமிழரான அவருடைய உழைப்பு இல்லாவிட்டால் இந்த வணிகர்கள் நமக்கு வெறும் பெயர்களாகவே இருந்திருப்பார்கள். இந்த ஏற்பாடு டச்சுத் துறைமுகங்களில் பரவியது. சென்னையில் காசி வீரண்ணா என்ற ஒற்றை மனிதரையே நம்பியிருந்த ஆங்கிலேயர், 1680-ல் அவர் இறந்த பிறகு இதே வழிக்கு வந்தார்கள். இரண்டு கும்பினிகள், இரண்டு துறைமுகங்கள், இருபது ஆண்டு இடைவெளி. பெரிய மனிதர் போனதும் இரண்டும் வந்து சேர்ந்த இடம் ஒன்றே என்பது தற்செயல் ஆகாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். இந்தக் கம்பெனிகள் வணிகர்கள் விரும்பிச் செய்தவை அல்ல, கடன் முழுகாமல் இருக்கவும் வணிகர்கள் தங்களுக்குள் போட்டிபோட்டு நெசவாளரிடம் விலையை ஏற்றாமல் இருக்கவும் ஐரோப்பியர் திணித்தவை என்பது அது. உண்மைதான். ஏற்பாட்டைத் தூண்டியவர்கள் கும்பினிக்காரர்கள், அவர்களுடைய நோக்கம் தங்கள் பெட்டிச் சாவியைக் காப்பது. ஆனால் எதற்காகத் தொடங்கினார்கள் என்பதோடு கதை முடியவில்லை. தனித்தனியாக நின்றபோது, தேறாத துணியைக் கும்பினி தலையில் கட்டினால் வாங்கிக்கொண்டு போவதைத் தவிர வணிகருக்கு வேறு வழியில்லை. ஒன்றாக நின்றபோது விலை பேச ஒரு மேடை கிடைத்தது. சிறு முதல் உள்ளவருக்கும் பெரிய ஒப்பந்தத்தில் ஒரு பங்கு கிடைத்தது. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. இந்த நம்பிக்கைக்கெல்லாம் அடிப்படை சாதியும் உறவுமுறையும்தானே, ஒழுங்கு எங்கே வந்தது? பலிஜா, கோமுட்டி, பேரி செட்டி என்று வணிகச் சாதிகளைச் சேர்ந்தவர்களே பெரும்பாலும் உள்ளே இருந்தார்கள். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் சாதி மட்டுமே போதும் என்றால் சின்னண்ணா குடும்பத்தின் பகையை எப்படி விளக்குவது? ஒரே இரத்தம் தராத உறுதியைப் பங்குக் கணக்கு தந்தது. சாதி செய்தது வாசலில் நின்று ஆளை வடிகட்டியது. அதனால் மிகப் பெரிய அநீதியும் நேர்ந்தது. துணியை நெய்த கைகள் எந்தக் கம்பெனியிலும் பங்காளி ஆகவில்லை. பஞ்சத்தின் நட்டம் கடைசியில் வந்து இறங்கியது தறிக்குழியில்தான். ஊரைவிட்டு இரவோடு இரவாகப் போவது ஒன்றே நெசவாளரின் பேரம். இன்றும் ஆரணியாற்றங்கரை ஆரணியிலும், அம்மையார்குப்பத்திலும், பொதட்டூர்பேட்டையிலும் தறி ஓடுகிறது. முன்பணம் கொடுத்தவருக்கும் நெய்பவருக்கும் இடையிலான கணக்கு அங்கே இன்னும் பழைய சாயல் மாறவில்லை.

பழவேற்காட்டின் மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டச்சுத் தலைமையகம் நாகப்பட்டினம் போனது, சென்னை வளர்ந்தது, வணிகர்களும் நெசவாளர்களும் தெற்கே நகர்ந்தார்கள். 1824 உடன்படிக்கைப்படி ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது துணி வணிகம் ஓய்ந்திருந்தது. அதன்பின் இந்த வட்டாரத்தில் தொழில் உறவுகள் திரும்பவும் அடர்த்தியாக முளைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இம்முறை களம் அம்பத்தூரும் பாடியும். 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தபோது அம்பத்தூர் அதில்தான் இருந்தது, 2018-ல்தான் சென்னை மாவட்டத்துக்குப் போனது. 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் தொடங்கியது. இந்தியாவிலேயே பாகங்களைச் செய்யும் திட்டம் இல்லாத மோட்டார் கம்பெனிகளுக்கு இடமில்லை என்று 1953-ல் மத்திய அரசு, வரிவிதிப்பு ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று முடிவுசெய்தது. எண்ணூரில் லாரி செய்பவர்களுக்கு உள்ளூர் பிரேக், உள்ளூர் சக்கரம், உள்ளூர் டைனமோ வேண்டியிருந்தன. 1960-களின் தொடக்கத்தில் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் வரிசையாக எழுந்தன. 1961-ல் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. காமராசர் முதல்வராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்த காலத்தில் 1958-ல் கிண்டியில் தொழிற்பேட்டை திறந்தது, அடுத்து 1964-ல் அம்பத்தூரிலும் ஒன்று திறந்தது.

அம்பத்தூர் பேட்டையின் பலம் பெரிய ஆலைகளின் அருகாமை என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிக் காரணம். மீதிப் பாதி, ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் இடையே நடந்த போக்குவரத்து. ஒரு சாதாரண ஷாஃப்டைப் பின்தொடர்ந்து பார்த்தால் இது விளங்கும். ஆர்டர் எடுத்தவரிடம் இரண்டு லேத் இருக்கும், அவ்வளவுதான். ராடை வெட்டித் தருவது ஒரு ஷெட். கடைசல் இவருடையது. சாவிப்பள்ளம் போட மில்லிங் மிஷின் வைத்திருப்பவரிடம் போகும். அங்கிருந்து ஹீட் ட்ரீட்மென்ட். சூட்டில் லேசாக வளைந்து திரும்பினால் நிமிர்த்த வேண்டும், பிறகு கிரைண்டிங், கடைசியில் பிளேட்டிங். ஒவ்வொரு வாசலிலும் கூடப் போவது ஒரு டெலிவரி சலான் மட்டுமே. சரக்கின் சொந்தக்காரர் அங்கே இருப்பதில்லை. கிரைண்டிங்கில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அதிகம் எடுத்துவிட்டால் அதுவரை நாலு பேர் செய்த வேலை ஸ்கிராப். தவறு யாருடையது, இரும்பின் விலையை யார் தருவது என்று தீர்க்க எந்த வக்கீலும் வருவதில்லை. அடுத்த ஜாப் ஒர்க் கிடைக்குமா, கிடைக்காதா என்பதே தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு பேட்டை முழுக்கத் தெரிந்துவிடும் என்பதுதான் ஒவ்வொருவரையும் நேர்மையாக வைத்தது. போட்டியாளர்களாக இருந்தும், மிஷின் பிரேக்டவுன் ஆன நாளில் பக்கத்து ஷெட்டில் ஓட்டிக் கொடுத்தார்கள், ஏனென்றால் நாளை இவர்களுக்கும் அது நேரும். பெரிய ஆலைகளில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து டூல் ரூமில் கை பழகியவர்கள் பலர் பின்னர் இங்கே முதலாளி ஆனார்கள். அவர்களுக்கு வங்கி மதிக்கும் சொத்து இல்லை. தேசிய சிறுதொழில் கழகத்தின் தவணைமுறை மிஷினும், பழைய ஃபோர்மேன் சொன்ன ஒரு நல்ல வார்த்தையும் முதலாக அமைந்தன. சங்கம் இதற்கு மேல் ஒரு கூரை போட்டது. அய்மா என்று எல்லோரும் அழைக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் தொழில்நுட்ப மையம் நடத்துகிறது, அக்மி இயந்திரக் கண்காட்சியை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடத்துகிறது. தனி ஷெட்காரர் எவரும் தனியே செய்ய முடியாதவை இவை.

இதுவும் பெரிய ஆலையின் தயவில் தொங்கும் வலைதானே, சின்னண்ணாவுக்குப் பதில் ஒரு லாரிக் கம்பெனி என்று கேட்கலாம். 2019-ல் வாகன விற்பனை விழுந்து எண்ணூர் லாரி ஆலைக்கே வேலையில்லா நாட்கள் அறிவிக்கப்பட்டபோது அம்பத்தூர் தள்ளாடியதை யாரும் மறைக்க முடியாது. ஆனால் ஒரே வாங்குநரை நம்பியவருக்கும், பக்கத்து ஷெட்டுகளோடு வேலை பகிர்ந்தவருக்கும் அந்தத் தள்ளாட்டம் ஒன்றாக இருந்திருக்க முடியாது. பம்புக்கும், நெசவு இயந்திரத்துக்கும், ரயில் பெட்டிக்கும் பாகம் செய்பவர் அதே தெருவில் இருக்கிறார், அவரிடமிருந்து வரும் நாலு நாள் வேலை மின்கட்டணத்தையாவது கட்டும். வேறொரு எதிர்வாதம் சமூகவியலிலிருந்து வருகிறது. மார்க் கிரனோவெட்டர் 1973-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பாஸ்டனுக்கு அருகே வேலை மாறியவர்களை விசாரித்து, அவர்களுக்கு வேலைச் செய்தி பெரும்பாலும் வந்தது நெருங்கியவர்களிடமிருந்து அல்ல, எப்போதோ பார்க்கும் அறிமுகக்காரர்களிடமிருந்துதான் என்று காட்டியது. அப்படியானால் கார்டு சேர்ப்பவர் செய்வதுதானே சரி? அவர் அளந்தது செய்தியின் பயணத்தை. செய்திக்கு விலை இல்லை, சொன்னவருக்கு நட்டமும் இல்லை, ஆகவே அது மெல்லிய உறவிலும் ஓடும். ஒரு டன் இரும்பைக் கடனுக்குக் கொடுப்பதும், செய்த வேலைக்குப் பணம் வர மூன்று மாதம் காத்திருப்பதும் அப்படி ஓடாது. சிறுதொழில் செய்பவரின் உயிர் ஊசலாடுவது இந்த இடத்தில்தான். சிறுதொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது. ஆனால் தனியாளாகப் பெரிய கம்பெனிமேல் மனுப் போட்டவர் அடுத்த ஆர்டரை மறந்துவிட வேண்டியதுதான் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. சங்கமாகப் பேசும்போது மட்டுமே அந்தச் சட்டத்துக்குப் பல் முளைக்கிறது.

இந்தப் பின்னணியில் கும்மிடிப்பூண்டியைப் பார்க்க வேண்டும். பின்தங்கிய பகுதிகளுக்குத் தொழில் கொண்டுபோக 1971-ல் தொடங்கிய சிப்காட் அங்கே வளாகம் அமைத்தது. மனை இருந்தது, சலுகை இருந்தது, கல்கத்தா நெடுஞ்சாலையும் ரயிலும் துறைமுகமும் பக்கத்தில் இருந்தன. தூண்டல் உலைகளும், கம்பி உருட்டும் ரோலிங் மில்களும், ஃபவுண்டரிகளும், ரசாயன ஆலைகளும் வந்தன. ஆனால் அம்பத்தூரில் நடந்தது இங்கே நடக்கவில்லை. ஸ்கிராப் வெளியிலிருந்து வருகிறது, உருகி பில்லட்டாகி, கம்பியாகி, வெளியே போகிறது. முதலாளியும் கணக்கும் சென்னையில் அல்லது வேறு மாநிலத்தில். வேலி தாண்டிப் பக்கத்து ஆலையோடு கொடுக்கல் வாங்கலுக்கு அவசியம் குறைவு. உருக்கு உலையின் இயல்பே அது, வலை இல்லாதது அதன் குறை அல்ல என்று ஒருவர் சொல்லலாம். உற்பத்தி முறை காரணம் என்பதை ஏற்கிறேன். ஆயினும் காற்று மாசு, வேலையிட விபத்து என்று இந்த வட்டாரம் பட்டிருக்கும் பாட்டைப் பார்த்தால், தவறு செய்யும் ஆலையைத் தடுத்து நிறுத்தும் உரிமை சக ஆலைகளுக்கு இல்லாதது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரியும். ஒரு உலையின் புகைக்கு வளாகம் முழுவதும் பேர் கெடுகிறது. காட்டூர் வணிகர்களுக்கு இருந்த அதிகாரம் இங்கே அதிகாரிகளிடம் மட்டும் இருக்கிறது.

இதில் மிகவும் தனித்து நிற்பவர்கள் தொழிலாளர்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப்பிரதேசம் என்று தொலைவிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வருபவர் ஒரு கான்ட்ராக்டர் வழியாக வருகிறார். ஊரில் முன்பணம் கொடுத்தவர், ரயில் டிக்கெட் எடுத்தவர், அறை பிடித்துக் கொடுத்தவர், உலைமுன் நிறுத்தியவர் எல்லாமே ஒருவர் அல்லது அவருடைய ஆட்கள். பழவேற்காட்டின் பெரிய மனிதர் முறை சிறிய உருவில் திரும்ப வந்திருக்கிறது. ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் உதவுவதில்லை என்று நான் சொல்லவில்லை. காய்ச்சலுக்கு மருந்தும், அவசரத்துக்குக் கைமாற்றும் அந்த உறவில்தான் கிடைக்கின்றன. ஆனால் அது கான்ட்ராக்டரைத் தாண்டி இன்னொரு ஆலைக்குப் பிணையாக நீளாது. வேறு மாநிலத் தொழிலாளர்க்கென 1979-ல் வந்த சட்டம் பயணப்படி, இடப்பெயர்வுப்படி பற்றியெல்லாம் பேசியது, கைத்திறனைப் பற்றிப் பேசவில்லை. 2014-க்குப் பிறகு வருங்கால வைப்பு நிதிக்கு ஒரே நிலையான எண் வந்தது. கான்ட்ராக்டர் மாறினாலும் அந்த எண் தொழிலாளியோடு போகிறது, ஒழுங்காகப் பிடித்தம் செய்து கட்டினால். நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் ஏறுவது பணக் கணக்கு. உருகிய இரும்பின் நிறத்தைப் பார்த்தே எப்போது வார்க்கலாம் என்று சொல்லக் கற்றவர், உருளைகளுக்கிடையே சீறி வரும் செங்கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்பக் கற்றவர் என்ற விவரம் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அது அவருடைய மேஸ்திரிக்குத் தெரியும், அவ்வளவுதான். அந்த மேஸ்திரியோடு மனம் கசந்து சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மில்லில் போய்க் கேட்டால், எட்டு வருட அனுபவசாலிக்கும் முதலில் கிடைப்பது ஹெல்பர் கூலிதான்.